கழுத்துச் சுரப்பியும் மூளை அழற்சியும்

கடல் சூழ்ந்த தீவகத்திலே மீனுக்குக் குறைவில்லை. கடலுணவில் அயடீன் உண்டு. அயடீன் குறைந்தால் முன்கழுத்திலே கழலை தோன்றும் என்பது பலரும் அறிந்த செய்தி. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் ஒரு காலத்தில் அந்நோய் மிகுந்திருந்தது. ஆகவே, ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வாழ்வோர் தைரொயிட்டு நோய் தம்மை அணுகாது என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும் அவ்வெண்ணம் சரியன்று. அயடீன் நிறைந்த இடங்களிலும் அச்சுரப்பிக்கு வேறொரு பகையுண்டு. அப்பகை புறத்திலிருந்து வருவதன்று. உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனப் படையே உடலின் மேற் பாய்வதால் விளைவது.

அத்தகைய தைரொயிட்டு அழற்சியை 1912ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியர் ஹக்கரு ஹஷிமோட்டோ விவரித்தார். சுரப்பிக்கு எதிரான பிறபொருளெதிரிகள் நோயாளரின் குருதியிலே உள்ளன என்பது 1956இல் தெளிவாயிற்று. பின்னர் 1966இல் இங்கிலாந்தின் நரம்பியல் அறிஞர் பிரெயின் பிரபுவும் அவருடன் சேர்ந்தோரும், இவ்வழற்சியுடையவர் ஒருவருக்கு மூளையும் பாதிப்புற்றமையை எடுத்துரைத்தனர். 2007இல் யோசப் டல்மாவ் என்னும் வைத்தியரும் அவருடைய குழுவினரும், மூளை நரம்புக் கலங்களின் ஏற்பிகளையே பிறபொருளெதிரிகள் தாக்கும் மற்றொரு வகை அழற்சியை இனங்கண்டனர். அது இளம் பெண்களைப் பெரிதும் பற்றுவது.

இனி, தைரொயிட்டு ஓமோனுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு யாது? நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை ஒன்றுண்டு. மின்கம்பியைப் போர்த்திய உறை போன்றது அது. அவ்வுறையை ஆக்குங் கலங்கள் முதிர்ச்சியடைவதற்குத் தைரொயிட்டு ஓமோன் வேண்டும். பிறந்த குழந்தைக்கு அது குறைந்தால் மூளை வளர்ச்சி குன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அழற்சியினால் உறை சிதைந்தபின் அதனைப் புதுப்பிப்பதற்கும் இவ்வோமோன் உதவுமா என அறிஞர் ஆராய்ந்தனர். 2002இல் இத்தாலிய ஆய்வாளர் இவ்வாறான அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஓமோனைக் கொடுத்தபோது, உறையாக்கும் முதிராக் கலங்கள் தூண்டப்பட்டன. மயலினுக்குரிய புரதமும் பெருகிற்று.

இச்செய்தி நம்பிக்கை தருவது; ஆனால் மனிதருக்கு உறுதிப்பட்ட சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. மூளை அழற்சிக்குத் தரப்படுவன ஸ்டீரொயிட்டு மருந்துகளும், பிறபொருளெதிரிகளை அடக்கும் முறைகளுமே. கடும் நோயின்போது குருதியிலே இவ்வோமோன் குறைவதுண்டு. அது பெரும்பாலும் நோயின் விளைவேயாதலால், அளவு குறைந்தவுடன் மாத்திரை கொடுப்பதும் முறையன்று. மிகையான ஓமோன் இதயத் துடிப்பைக் குழப்பும், எலும்பையும் நலிவிக்கும். சுரப்பியே செயலிழந்து ஓமோன் குறைந்தவர்களோ மாத்திரையைத் தவறாது உட்கொள்ளல் வேண்டும். அக்குறையினால் வரும் சோர்வும் மறதியும் மந்தமும் மூளை தேறும் பாதைக்கு இன்னுமொரு தடையாகும்.

தீவக மக்களுக்கு இவ்விடயத்திலே கவலைக்குரியது காலமே. ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைப் பாலம் வழியாகத் தரைமார்க்கமாக யாழ்ப்பாணத்தை அடையலாம். நெடுந்தீவிலிருந்து வருபவரோ குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் செல்லவேண்டும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் அதுவும் தடைப்படும். இந்நோயோ சில நாட்களிலேயே முற்றக்கூடியது. நேற்றுவரை நல்லறிவோடிருந்த பிள்ளை இன்று உறக்கமின்றிப் பிதற்றுகிறாள், யாரும் காணாதவற்றைக் காண்கிறாள், முகமும் கையும் தானாக அசைகின்றன, வலிப்பும் வருகின்றது. இவற்றைப் பேய்க்குற்றம் என்று கருதி நூல் கட்டிக் காத்திருந்தால், சிகிச்சைக்குரிய நாட்கள் கழிந்துவிடும். அம்மன் சந்நிதியில் நேர்த்தி வைப்பது மனத்துக்கு ஆறுதல் தரும். ஆனால் அந்நேர்த்தியோடு படகையும் பிடித்தல் வேண்டும்.

வைத்தியசாலையை அடைந்ததும், நோயாளருக்கோ குடும்பத்தினருக்கோ தைரொயிட்டு நோய் இருப்பின் அதனை மறவாது கூறுதல் நன்று. ஓமோன் அளவை அறிய ஒரு சிறு குருதிப் பரிசோதனை போதும். அளவு சரியாயிருப்பினும், ஹஷிமோட்டோ அழற்சியோடு தொடர்புடைய மூளைப் பாதிப்பு இல்லையென்று சொல்லிவிட முடியாது, பிறபொருளெதிரிகளையும் சோதிப்பர். மாத்திரை உட்கொள்வோர், படகு ஓடாத நாட்களை எண்ணிச் சில வார மருந்தைக் கையிருப்பாக வைத்தல் நலம்.

முறையான சிகிச்சை விரைவிற் கிடைத்தால் இவ்வழற்சியுற்றோரிற் பலர் தேறுகின்றனர். தேறுவதற்கு மாதங்கள் பல ஆகலாம்; சிலருக்கு ஆண்டுகளும் ஆகலாம். அக்காலம் முழுவதும் சுற்றத்தார் காட்டும் பொறுமையும் ஒரு மருந்தே. கரையில் நின்று வீணாக்கிய நாட்களை மட்டும் எந்த மருந்தாலும் மீட்க இயலாது.