பெருத்து வரும் முத்தாசை

பலெர்மோவில் எம்மவர் திருமணங்களுக்குச் செல்லும்போது பருத்த முத்துமாலைகளே கண்ணிற் படுகின்றன. மணமான காலத்தில் சிறுமுத்துத் தோட்டோடு மனம் நிறைந்த தாய்மாரும் இன்று பெரியதையே நாடுகின்றனர்.

மன்னார்க் கடல் தந்தவை பெரும்பாலும் சிறியனவே. முத்துக்குளிப்பு நடந்த சிலாவத்துறையில், துளையிட்ட பித்தளைப் பெட்டிகளால் அவற்றை அளவு பிரித்தனர். 20 துளைப் பெட்டியில் தங்கியது பெருமுத்து. பெட்டிகளோ 1000 துளை வரை இருந்தன!

1893இல் யப்பானியரான மிகிமோட்டோ அரைமுத்தை வளர்த்தெடுத்தார். பின்னர், சிப்பிக்குள் இடும் மணியே முத்தின் பருமனைப் பெரிதும் தீர்மானிக்கலாயிற்று. பெரியது எளிதிற் கிடைக்கவே கண்ணும் அதற்குப் பழகிற்று.

ஆசை மாறட்டும். ஆனால் அம்மம்மாவின் தோட்டைக் கொடுத்துப் புதியதை வாங்குமுன், அது இயற்கை முத்தா என ஊடுகதிர்ப் படத்தால் அறிந்துகொள்ளுதல் வேண்டும். அதே அளவான வளர்ப்பு முத்திலும் அது பன்மடங்கு விலைபெறும். கடைக்காரர் தாமாகச் சொல்வார் என நாம் காத்திருக்க முடியாது.