பேனா நின்ற நாட்கள்

எழுத முடியாமல் போன காலத்தை ஆர்.கே. நாராயணும் பெருமாள்முருகனும் கடந்த விதம்

கையெழுத்துப் பிரதியில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு மைசூரிலிருந்து ஆர்.கே. நாராயண் அனுப்பிய செய்தி இது. லண்டன் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பிய முதல் நாவல் அது. நண்பர் அப்படிச் செய்யவில்லை. அதே ஊரில் வசித்த நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். 1935ல் 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' வெளிவந்தது.

அத்தோடு கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. அடுத்த இரண்டு நாவல்கள் 1937லும் 1938லும் வந்தன. மூன்றையும் வெளியிட்டவை மூன்று வெவ்வேறு பதிப்பகங்கள். பாராட்டு கிடைத்தது, விற்பனை இல்லை. குடும்பச் செலவுக்காகச் சென்னை 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபராகவும் அலைந்தார். அச்சாகும் செய்தியின் நீளத்தை அளந்துதான் கூலி. ஆனாலும் பேனா நிற்கவில்லை.

நின்றது 1939 ஜூனில். மனைவி ராஜம் டைபாய்டில் இறந்தார். திருமணமாகி ஐந்தாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கையில் சின்னஞ்சிறு பெண் குழந்தை. இனி எழுத்து இல்லை என்றே நாராயண் நினைத்தார். சில மாதங்களுக்கு எழுத வராது, ஆனால் கட்டாயம் எழுதுவீர்கள் என்று ஆறுதல் கடிதம் போட்டார் கிரீன். நான்கு ஆண்டுகளில் மூன்று நாவல் எழுதியவருக்கு நான்காவது நாவல் வெளிவர ஏழு ஆண்டுகள் ஆயின. இடையே 1941ல் 'இந்தியன் தாட்' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். அது ஓராண்டுகூட ஓடவில்லை. சிறுகதைகள் மட்டும் கைகொடுத்தன. 1943ல் 'மால்குடி டேஸ்' தொகுதி வந்தது.

1945ல் வெளியான 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலில் கிருஷ்ணன் என்ற ஆசிரியரின் மனைவி சுசீலா டைபாய்டில் இறக்கிறாள். இறந்தவளோடு பேச, ஆவியுலகத் தொடர்புள்ள ஒருவரைக் கிருஷ்ணன் நாடுகிறான். நாராயணும் சென்னையில் அப்படி ஒருவரை நாடியவர்தான். இந்த நாவலில் கற்பனை மிகக் குறைவு என்று தன் சுயசரிதையான 'மை டேஸ்' நூலில் அவரே சொல்லியிருக்கிறார். எந்தத் துக்கம் எழுத்தை நிறுத்தியதோ, அதையே எழுதித்தான் அவர் எழுத்துக்குத் திரும்பினார்.

பெருமாள்முருகனை நிறுத்தியது துக்கம் அல்ல, பயம். 2010ல் வந்த 'மாதொருபாகன்' நாவலுக்கு 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. புத்தகத்தை எரித்தார்கள், கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய சமாதானப் பேச்சுக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் அறிவித்தார். தன் புத்தகங்களை விற்க வேண்டாம் என்று பதிப்பாளர்களையும் கேட்டுக்கொண்டார்.

2016 ஜூலை 5ல் சென்னை உயர் நீதிமன்றம் நாவலைத் தடை செய்ய மறுத்தது. எழுத்தாளர் உயிர்த்தெழுந்து, தனக்கு நன்றாக வருவதைச் செய்யட்டும் என்றது தீர்ப்பு. ஆனால் மனத்துக்குள் உட்கார்ந்துகொண்ட தணிக்கை அதிகாரியை எந்த நீதிமன்றம் வெளியேற்றும்?

அதற்கான வழியை அவரே தேட வேண்டியிருந்தது. ஊமையாக இருந்த நாட்களில் எழுதிய கவிதைகள் 2016 ஆகஸ்டில் 'கோழையின் பாடல்கள்' என்ற தொகுதியாக வந்தன. பயத்தை மறைக்கவில்லை. அதையே தலைப்பில் வைத்தார். அடுத்து வந்த 'பூனாச்சி' ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம், மாடும் பன்றியும் ஆகாது, எனவே ஆடு என்று முன்னுரையில் காரணம் சொன்னார். எழுத முடியாதவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தபோது மிஞ்சிய இடம் அது. அந்தச் சிறிய இடத்திலிருந்தே ஒரு முழு நாவல் கிடைத்தது.

இரண்டு பேருமே பழைய தைரியம் திரும்பி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. உடைந்த மனம் எவ்வளவு எழுத விட்டதோ, அவ்வளவை எழுதினார்கள். ஒருவருக்குச் சிறுகதை, மற்றவருக்குக் கவிதை. நாவல் பிறகு வந்தது. எழுதவே வராது என்ற சந்தேகம் எழுதத் தொடங்கிய பிறகுதான் குறைகிறது. எழுதாமல் உட்கார்ந்திருக்கும்போது அது வளரவே செய்கிறது.

மீதியைப் பழக்கம் பார்த்துக்கொள்ளும். நாராயண் பிற்காலத்தில் மைசூர் யாதவகிரியில் கட்டிய வீட்டில், எழுதுவதற்கென்றே எட்டு ஜன்னல்கள் வைத்த அறை உண்டு. வெளியே தெரிந்த அழகு அவரை எழுதவிடவில்லை. ஜன்னலில் கனத்த திரையைத் தொங்கவிட்டார். அதன் பிறகு தினமும் ஆயிரம் சொற்கள் ஓடின.