வெட்டுப்பட்ட சொல்

இரைச்சலின் ராகங்கள் – 9

சென்ற வாரம் ஃபெயித் நோ மோர் குழுவின் ‘எபிக்’ பாடலைக் கேட்டோம். கனத்த கித்தாரோடு ராப்பும் பியானோவும் ஒரே பாட்டில் குடியிருக்கலாம் என்று காட்டிய பாட்டு அது. பத்தாண்டு கழித்து, அந்த வழியில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நான்கு ஆர்மீனியர்கள் வந்தார்கள். குழுவின் பெயர் சிஸ்டம் ஆஃப் எ டவுன். அவர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோன பாட்டு, 2001 ஆகஸ்டில் வெளியான ‘சாப் சுயி!’

நம் ஊர் சைனீஸ் ஓட்டலில் பொரித்த நூடுல்ஸ் மேல் முட்டையைக் கவிழ்த்துக் கொடுப்பார்களே, அதே சாப் சுயிதான். ஆனால் பாட்டில் சாப்பாட்டுச் சமாச்சாரமே கிடையாது. முதலில் வைத்த பெயர் ‘சூயிசைட்’, அதாவது தற்கொலை. அந்தப் பெயரோடு வந்தால் வானொலியில் வம்பு வரும் என்று மாற்றிவிட்டார்கள். மாற்றியதில்தான் குறும்பு. ஆங்கிலத்தில் ‘சாப்’ என்றால் வெட்டு. ‘சூயிசைட்’டை வெட்டினால் மிஞ்சுவது ‘சூயி’. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சாப் சுயி!

ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டின் முதல் நொடியைக் கேளுங்கள். கித்தார் தொடங்கும் முன், ஒலிப்பதிவு ஓடத் தொடங்கிவிட்டதென்று ஒரு குரல் மெல்லச் சொல்லும். பழைய பெயரைச் சொல்லித்தான் அறிவிக்கும். அட்டையில் வெட்டிய சொல்லை ஒலியில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அகூஸ்டிக் கித்தார் தனியாக வரும். டிரம்ஸ் மெதுவாக வந்து சேரும். திடீரென்று எல்லாம் ஒன்றாக இடிக்கும். கித்தாரின் தடித்த கம்பியை வழக்கமான சுருதியிலிருந்து நான்கு அரைச் சுரம் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அந்த அடி நெஞ்சுக்கூட்டில் விழுகிறது. அதன் மேல் செர்ஜ் டாங்கியன் சொற்களைச் சோளம் பொரிவதுபோலக் கொட்டுகிறார். அடுத்த கணமே அதே தொண்டையிலிருந்து நீண்டு இழைந்த மெட்டு வருகிறது. கத்தலுக்கும் ராகத்துக்கும் இடையே மூச்சு விடக்கூட இடம் இல்லை.

பாட்டை எழுதத் தொடங்கியவர் கித்தாரிஸ்ட் டேரன் மலாக்கியன். ஒருவர் செத்த விதத்தை வைத்து அவருடைய வாழ்க்கைக்கே மார்க் போடுகிறோம் என்பதுதான் பாட்டின் பொருள் என்று அவரே விளக்கியிருக்கிறார். விபத்தில் போனால் ‘ஐயோ பாவம்’. போதை மருந்தால் போனால் ‘வினையை அவனே தேடிக்கொண்டான்’. சாவு ஒன்றுதான். அழுகைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

பாட்டின் பின்பகுதியில் வேகம் தணிந்து பியானோ கேட்கும். அந்த இடத்துக்கு டாங்கியனுக்குச் சொற்கள் பிடிபடவில்லை. தயாரிப்பாளர் ரிக் ரூபின், தன் அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். கண்ணில் பட்டவை சிலுவையில் இயேசு சொன்ன வார்த்தைகள். புனித வெள்ளியன்று தேவாலயத்தில் ஏழு வார்த்தைகள் பிரசங்கம் கேட்டவர்களுக்கு உடனே புரியும்: ஆவியை ஒப்படைக்கும் ஏழாவது வார்த்தையும், கைவிட்டதேன் என்று கதறும் நான்காவதும் பாட்டுக்குள் வந்துவிட்டன. தேடி எடுத்திருந்தாலும் இவ்வளவு பொருந்தியிருக்காது.

இந்த நால்வரின் பின்னணியை இங்கே சொல்லியாக வேண்டும். டாங்கியனும் டிரம்மர் ஜான் டோல்மயனும் லெபனானில் பிறந்தவர்கள். பேஸ் வாசிக்கும் ஷாவோ ஒடாஜியன் பிறந்தது ஆர்மீனியத் தலைநகர் எரவான். மலாக்கியனின் பெற்றோர் ஈராக்கிலிருந்து வந்தவர்கள். ஒட்டோமான் பேரரசில் 1915-இல் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலையில் இவர்களுடைய குடும்பங்களில் மாண்டவர்களும் உண்டு, பிழைத்தவர்களும் உண்டு. எங்கள் முன்னோர் எப்படிச் செத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் இனம். சாவை யார் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பது அந்த வீடுகளில் வெறும் பாட்டு விஷயம் அல்ல.

2001 செப்டம்பர் 3 அன்று ஹாலிவுட்டில் இலவசக் கச்சேரி வைத்தார்கள். 3,500 பேர் வருவார்கள் என்று கணக்கு. அதைப்போலக் குறைந்தது இரண்டு மடங்கு கூட்டம் திரண்டது. கச்சேரியை அதிகாரிகள் ரத்து செய்ய, கலவரம் மூண்டது. மறுநாள், இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘டாக்ஸிசிட்டி’ ஆல்பம் கடைக்கு வந்தது. முதல் வார விற்பனையிலேயே பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம். அந்தச் செய்தி வந்த நேரத்தில் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்திருந்தன.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட வானொலி நிலையங்களை நடத்திய கிளியர் சேனல் நிறுவனத்துக்குள் அப்போது ஒரு பட்டியல் சுற்றியது. இந்தச் சமயத்தில் போடுவதற்கு முன் யோசியுங்கள் என்று 150-க்கும் மேற்பட்ட பாடல்கள். கட்டாயத் தடை இல்லை, அறிவுரைதான். ஜான் லெனனின் ‘இமேஜின்’ அதில் இருந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்டு’ இருந்தது. ‘சாப் சுயி!’யும் இருந்தது. பெயரை வெட்டியும் தப்பவில்லை.

எந்தச் சாவுக்கு எப்படி அழலாம் என்று அடுத்தவர் தீர்மானிக்கக் கூடாது என்று சொன்ன பாட்டு. ஊரே அழுதுகொண்டிருந்த வாரத்தில் அதற்குத்தான் வாயைப் பொத்தினார்கள். என் கணக்கில், இந்தப் பாட்டு சொன்னது சரிதான் என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி. ஒதுக்கியும் பாட்டு ஒதுங்கவில்லை. யூடியூபில் அதன் வீடியோ 2020-இல் 100 கோடிப் பார்வைகளைத் தாண்டியது.

2002-இல் சிறந்த மெட்டல் பாடலுக்கான கிராமி விருதுக்கு ‘சாப் சுயி!’ பரிந்துரைக்கப்பட்டது. விருது போனது டூல் குழுவின் ‘ஸிஸம்’ பாடலுக்கு. தாளம் போட்டுப் பார்த்தால் விரல்கள் திணறும் அந்தப் பாட்டை அடுத்த வாரம் எண்ணிப் பார்க்கலாம்.