காலையில் 98, மாலையில் 101! காய்ச்சல் கணக்கு தவறுவது ஏன்?

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறாள் தாய். 98 டிகிரி. "காய்ச்சல் இல்லை" என்று நிம்மதி அடைகிறாள். மாலையில் வாயில் வைத்துப் பார்க்கிறாள். 101 டிகிரி!

தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதா? இல்லை. அளந்த நேரம் வேறு; அளந்த இடம் வேறு.

ஏறும், இறங்கும்

நம் உடம்பின் உஷ்ணம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில் குறையும். மாலை 4 மணி முதல் 6 மணி வரை கூடும். நோய் இல்லாதவருக்கும் சுமார் 1 டிகிரி வித்தியாசம் இருக்கும்.

98.6 டிகிரி என்ற கணக்கைப் பரப்பியவர் ஜெர்மன் டாக்டர் வுண்டர்லிக். ஆயிரக்கணக்கானவர்களின் அக்குளில் அளந்து, 1868-ல் புத்தகம் வெளியிட்டார். அது சராசரிதான். எல்லோருக்கும் எந்நேரமும் அதே அளவு இருக்காது.

அக்குளில் வைத்தால், வாயில் வைப்பதைவிட ஏறக்குறைய 1 டிகிரி குறைவாகக் காட்டும்.

2020-ல் கொரோனா பரவியபோது, கடை வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியைப் பிடித்தார்களே, நினைவு இருக்கிறதா? அது தோலின் சூட்டை வைத்தே கணக்கிடுகிறது. வெயிலில் நடந்து வந்தவருக்குக் கூடுதலாகக் காட்டலாம். நெற்றி வியர்த்திருந்தால் குறைத்துக் காட்டலாம். நிழலில் சற்று இருந்துவிட்டு, நெற்றியைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

சரியாக அளப்பது எப்படி?

* காபி, மோர் எது குடித்திருந்தாலும், அரை மணி நேரம் கழித்தே வாயில் வையுங்கள்.

* நாக்கின் அடியில், பின்பக்கமாக வைத்து வாயை மூட வேண்டும். "பீப்" சத்தம் வரும் வரை எடுக்கக் கூடாது.

* சிறு குழந்தைக்கு அக்குளே நல்லது. வியர்வையைத் துடைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள்.

* ஒவ்வொரு முறையும் அதே தெர்மாமீட்டர், அதே இடம். நேரம், இடம், டிகிரி மூன்றையும் எழுதி வையுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

இதை மறக்காதீர்கள்!

மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி காட்டினால், வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

டெங்குவில், உஷ்ணம் இறங்கும் சமயத்தில்தான் சிலருக்கு ஆபத்து தொடங்குகிறது. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு இருந்தால், தெர்மாமீட்டர் 98 காட்டினாலும் தாமதிக்கக் கூடாது.

தெர்மாமீட்டரைப் பாருங்கள். அதோடு குழந்தையின் முகத்தையும் பாருங்கள்!