எல்லாப் படியும் ஒரே உயரம்!

மாணவர்களே, மாடிப்படி ஏறும்போது நீங்கள் ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்தா ஏறுகிறீர்கள்? இல்லை. முதல் இரண்டு மூன்று படிகளிலேயே உங்கள் கால் படியின் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. அடுத்த படிகளும் அப்படியே இருக்கும் என்று நம்பி, நீங்கள் நண்பரோடு பேசிக்கொண்டே ஏறுகிறீர்கள். பாதம் படியின் விளிம்பை மிகச் சிறிய இடைவெளியில்தான் தாண்டுகிறது. ஆகவே, ஒரு படி மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் கால் இடறிவிடும்.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், 36ஆம் தெரு ரயில் நிலையத்தில் இது நடந்தது. அங்கே ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட ஓர் அங்குலத்துக்கும் குறைவான அளவு உயர்ந்திருந்தது. அதே படியில் பலர் அடுத்தடுத்துத் தடுமாறுவதை 2012இல் ஒருவர் காணொளியாக எடுத்து வெளியிட்டார். அதன் பிறகே அந்தப் படி சரிசெய்யப்பட்டது.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே உண்டு. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களின்படி, ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கால் வைக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. தேர்ந்தெடுத்த அளவு கீழிருந்து மேல்வரை மாறாமல் இருக்க வேண்டும்.

சரி, ஜோகூர் பாருவில் ஓர் இரட்டை மாடி வீட்டுக்கு நீங்களே படிக்கட்டு வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் 3,200 மில்லிமீட்டர் உயரம். கட்டட வடிவமைப்பு மென்பொருளில் "படிகளுக்கு இடையே 180" என்று கொடுத்தால் என்ன ஆகும்? 17 படிகள் ஏறினால் 3,060 மில்லிமீட்டர். மீதி 140. கடைசிப் படி மட்டும் குட்டையாகிவிடும்!

சரியான வழி இதுதான்: முதலில் மொத்த உயரத்தை 180ஆல் வகுக்க வேண்டும். 17.78 வரும். அதை அடுத்த முழு எண்ணாக, அதாவது 18 ஆக உயர்த்த வேண்டும். பிறகு 3,200ஐ 18ஆல் வகுத்தால் 177.8 மில்லிமீட்டர். பதினெட்டுப் படிகளும் ஒரே உயரம், சட்ட வரம்புக்கும் உட்பட்டது. எனவே படியின் இடைவெளியை நாம் முன்கூட்டியே முடிவு செய்யக்கூடாது. மொத்த உயரத்தையும் படிகளின் எண்ணிக்கையையும் கொடுத்தால், இடைவெளி தானாகக் கிடைக்கும்.

அகலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா புளோண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர், மனிதனின் நடை அளவைக் கொண்டு ஒரு விதி சொன்னார். படி உயரத்தின் இரு மடங்கோடு அகலத்தைக் கூட்டினால் ஓர் எட்டு வைக்கும் தூரம் வரவேண்டும். அவர் கணக்கில் அது ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். நம் படிக்கு 270 மில்லிமீட்டர் அகலம் வைத்தால், கூட்டுத்தொகை ஏறக்குறைய 62.6 சென்டிமீட்டர். ஏறுவதற்கு இதமாக இருக்கும்.

இன்னும் ஓர் ஆபத்து உண்டு. பொறியாளரின் வரைபடம் வெறும் கான்கிரீட்டைக் காட்டும். பிறகு இரு தளங்களிலும் சிமெண்டுப் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் ஏறி, படிகளில் 25 மட்டும் ஏறினால்? முதல் படி 25 மில்லிமீட்டர் குறையும், கடைசிப் படி 25 மில்லிமீட்டர் கூடும். புரூக்ளினில் பலரைத் தடுமாற வைத்தது போன்ற வேறுபாடு! கான்கிரீட் இறுகிய பின் திருத்துவது கடினம். அதனால்தான் இந்தத் தடிமனையும் முன்பே கணக்கில் சேர்க்கிறார்கள்.

செய்து பாருங்கள்: பள்ளி முடிந்து கூட்டம் குறைந்த பிறகு, ஒரு நண்பரோடு சேர்ந்து பள்ளிப் படிக்கட்டை அளந்து பாருங்கள். ஒவ்வொரு படியின் உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாக, முதல் படியையும் கடைசிப் படியையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால் ஆசிரியரிடம் காட்டுங்கள்.