ஆர் மொழி நிரல்தொகுப்புகளில் பயனர் அமைப்புகளைச் சேமித்தல்

முன்னுரை

ஆர் மொழியில் 'ஆப்ஷன்ஸ்' என்னும் செயற்கூற்றின் வழி ஒருவர் செய்துகொள்ளும் அமைப்புகள் அந்த அமர்வு முடிந்ததும் மறைந்துவிடும். அவை அடுத்த அமர்விலும் நிலைக்க வேண்டுமாயின் ஒரு கோப்பில் எழுதப்பட வேண்டும். அக்கோப்பு எங்கே அமைய வேண்டும், எத்தகைய அமைப்புகளை அதில் வைக்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இவற்றுள் இரண்டாவது வினாவே ஆய்வாளருக்கு முதன்மையானது.

சேமிக்கும் இடம்

பயனர் தம் கையால் எழுதிக்கொள்வது 'ஆர்புரொஃபைல்' கோப்பு. ஆர் தொடங்கும்போதே அது இயக்கப்படும். நிரல்தொகுப்பு தானே எழுத விரும்பினால் நிலை வேறு. பயனரின் இல்லக் கோப்புறையில் தொகுப்புகள் எழுதுவதைக் கிரான் களஞ்சியத்தின் விதிகள் ஏற்பதில்லை. 2020 ஏப்ரலில் வெளிவந்த 4.0.0 பதிப்பில் 'டூல்ஸ்' தொகுப்பில் சேர்க்கப்பட்ட 'ஆர்_யூசர்_டிர்' என்னும் செயற்கூறு இதற்கு வழிசெய்தது. தரவு, அமைப்பு, இடைச்சேமிப்பு ஆகிய மூன்றிற்கும் தனித்தனிக் கோப்புறைப் பாதைகளை அது தருகிறது. பாதையை மட்டுமே தரும். கோப்புறையை உருவாக்குவது தொகுப்பை எழுதுபவரின் பொறுப்பு. கோப்புகளின் அளவு சிறிதாக இருக்க வேண்டும், காலங்கடந்தவை நீக்கப்பட வேண்டும் என்னும் வரையறைகளுடன் கிரான் இம்முறையை ஏற்கிறது.

முடிவை மாற்றும் அமைப்புகள்

திரை வண்ணம், இணைய முகவரி போன்றவற்றைச் சேமிப்பதால் கேடில்லை. கணக்கீட்டின் விளைவைத் தொடும் அமைப்புகளோ அத்தகையன அல்ல. அதே 4.0.0 பதிப்பு வரை, அட்டவணையைப் படிக்கும்போது எழுத்துவடிவ நிரல்களை வகைமாறிகளாக மாற்றுவதே ஆரின் இயல்பாக இருந்தது. பலர் இவ்வியல்பைத் தம் 'ஆர்புரொஃபைல்' கோப்பில் அணைத்து வைத்தனர். ஒரு நிரலில் 40, 7, 'இல்லை' என மூன்று பதிவுகள் உள்ளன எனக் கொள்வோம். அணைத்து வைத்தவரின் கணினியில் அதனை எண்ணாக மாற்றினால் 40, 7, விடுபட்ட மதிப்பு என வரும். அணைக்காதவரின் கணினியில் 1, 2, 3 என வரும். அவை வகைகளின் வரிசை எண்களேயன்றித் தரவு அல்ல. பின்னதில் எச்சரிக்கைச் செய்தியும் தோன்றுவதில்லை. நிரல் ஒன்றே, முடிவுகள் இரண்டு.

'வெனிலா' என்னும் விருப்பத்துடன் ஆரைத் தொடங்கினால் 'ஆர்புரொஃபைல்' தவிர்க்கப்படும் என்பதை ஆய்வாளர் பலர் அறிவர். ஆனால் தொகுப்பு தனக்கெனச் சேமித்த அமைப்புக் கோப்பை அவ்விருப்பம் தடுப்பதில்லை. தொகுப்பு அதனை வழக்கம்போல் படித்துக்கொள்ளும். தூய சூழலில் சோதிக்க விரும்புவோர் 'ஆர்_யூசர்_கான்ஃபிக்_டிர்' என்னும் சூழல் மாறியை வெற்றுக் கோப்புறை ஒன்றுக்குத் திருப்பிவிட்டு ஆரைத் தொடங்கலாம்.

எனவே நிறுத்தச்சொற்பட்டியல், சொற்பிரிப்பு முறை, தசம இலக்கங்களைத் திருத்தும் அளவு போன்றவை பயனரின் கோப்புறையில் இருத்தல் கூடாது. அவை ஆய்வு நிரலிலேயே வெளிப்படையாக எழுதப்பட்டு, நிரலோடு சேர்த்தே பிறருக்கு அனுப்பப்பட வேண்டும். தொகுப்பை உருவாக்குவோர் சேமித்த அமைப்பைப் படித்தவுடன் அதன் பாதையையும் மதிப்பையும் திரையில் ஒரு வரியாக அச்சிடச் செய்யலாம். அதற்கு 'மெசேஜ்' என்னும் செயற்கூறே போதும்.