சொந்த மண்ணில் தொடங்கும் வாசிப்புப் பட்டியல்

மகளிர் தினம் நெருங்கினால் 'பெண்கள் படிக்க வேண்டிய நூல்கள்' என்று பட்டியல்கள் வரும். வர்ஜீனியா வுல்ஃப், சிமோன் த பொவ்வா என்று தொடங்கும். மதிப்பான எழுத்துகள்தான். ஆனால் பள்ளிபாளையத்தில் தறி வேலை முடிந்து, இரவுச் சோறும் ஆக்கி இறக்கிய பிறகு அரை மணி நேரம் கிடைக்கிற ஒருத்திக்கு, கையில் எடுக்கும் முதல் புத்தகம் அவள் பேச்சிலேயே பேச வேண்டும். சேலம், நாமக்கல் பக்கத்துப் பெண்களுக்கு அப்படிப்பட்ட நூல்கள் உண்டு. அங்கிருந்து தொடங்குவதே சரி.

முதலாவது, ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942). கொங்கு நாட்டுச் சிற்றூர்க் கதை. புருஷனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனின் குடும்பத்தோடு இருக்கிறாள். பாடுபடுகிறாள், ஆனால் எதுவும் அவள் பேரில் இல்லை. பங்கைப் பிரித்துக் கொடு என்று ஒருநாள் கேட்டுவிடுகிறாள். கதை கொலை வரை போகிறது. அவள் கேட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பது அன்றைய சட்டத்தைப் பார்த்தால் புரியும். கைம்பெண்ணுக்குச் சொத்துரிமை தந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941-ல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லியிருந்தது. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. பாகப்பிரிவினைப் பேச்சில் பெண் வாய் திறந்தால் இன்றும் வீடு இரண்டுபடுகிறது. எண்பது ஆண்டு கடந்த நாவல் பழசாகாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரரான பெருமாள்முருகன். 'மாதொருபாகன்' (2010) வழக்கால் பெயர் பெற்றது. புதிதாகப் படிப்பவர்கள் 'பூக்குழி'யில் (2013) தொடங்கலாம். சாதி மாறிக் கல்யாணம் செய்து, புருஷனின் ஊருக்கு வரும் சரோஜாவின் கதை. சாதி மாறி மணந்து உயிரிழந்த தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூல் இது. அதோடு, தன் தாயைப் பற்றி அவர் எழுதிய 'தோன்றாத் துணை'யையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவை எல்லாமே ஆண்கள் எழுதியவை. பட்டியல் இதோடு நின்றால் குறைதான். அந்தக் குறையைத் தீர்ப்பவர் நாமக்கல் பகுதியில் பிறந்த திருநங்கை ஏ. ரேவதி. திருநங்கைகளின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து 'உணர்வும் உருவமும்' நூலாக்கினார். அவருடைய தன்வரலாறு வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-ல் ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த ஆண்டு தமிழில் 'வெள்ளை மொழி'. அதில் ஒரு காட்சி: மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேடம் கட்டிய பையனை ஊர் ரசிக்கிறது. வேடத்தைக் கலைக்க மனம் வராமல் நிற்கிறது அந்தப் பிள்ளை. தன் பெண்மையை அடி உதை பட்டு நிலைநாட்டிய ஒருவரின் சொல் இது. பெண்களுக்கான எந்தப் பட்டியலிலும் இந்நூல் இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு வெளியூர் எழுத்தாளர்களிடம் போகலாம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கக் கொண்டுவந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது. அதனால், அந்தக் கொடுமை பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'மண்ணகத்துப் பூந்துளிகள்' இங்கே கட்டாயம் வாசிக்க வேண்டிய நாவல். அவர் உயிரோடு இருந்தபோதே, 2009-ல், அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. யாரும் உரிமைத்தொகை இல்லாமல் வெளியிடலாம் என்பதால் காசு பெரிய தடையில்லை.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' சிறுகதையை ஒரே இரவில் முடித்துவிடலாம். ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம். இருட்டுச் சமையலறைக்கு வெளியே மலை தெரிகிறது. அங்குள்ள வராந்தாவைப் பெரிதாக்கலாம் என்கிறாள் மருமகள். சில நாளில் வராந்தாவின் குறுக்கே துணி காயப்போடக் கொடி கட்டப்படுகிறது. மலை மறைந்துபோகிறது. மாமனார் வாயால் மறுப்புச் சொல்லவே இல்லை.

பாமாவின் 'கருக்கு' (1992) மெல்லிய நூல், பேச்சுத் தமிழில் ஓடும். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) தடிமனான நாவல். பிள்ளைகளின் முழு ஆண்டு விடுமுறைக்கு எடுத்து வைக்கலாம். வாங்க முடியாதவர்கள் ஊர் நூலகத்தில் பெயர் சேர்த்துக்கொண்டு கேட்கலாம். தெருவில் நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கொன்று வாங்கினால், ஒரு வருடத்துக்கு வாசிக்க இருக்கும்.